சீனிச் சாக்கு

இந்தத் தீவில் பார்க்க வேறு ஒன்றும் இல்லையா என்ன. கடற்கரை இருக்கிறது, கோட்டை இருக்கிறது, படம் போட்டு உலகமெல்லாம் பெருமை பேசுகிற மாடு இருக்கிறது. மாட்டைக் காட்டியிருந்தால் திலகவதியக்கா அதன் மடியைப் பார்த்து எத்தனை போத்தல் கறக்கும் என்று கேட்டிருப்பாள், அதோடு ஒரு பின்னேரம் போயிருக்கும். அதை விட்டுவிட்டு, எண்பது வருடத்துக்கு முன் ஜேர்மன்காரன் அடிமைகளை வைத்து மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள் அவளைக் கூட்டி வந்து நிற்கிறானே, இந்தப் பரஞ்சோதியை என்ன சொல்வது. அவனும் அதையேதான் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தான். மழை பிடித்துக்கொண்டது உண்மை. விமான நிலையத்தில் எடுத்த துண்டுப் பிரசுரத்தை நீட்டி, "இதென்ன தம்பி, எங்கட பங்கர் மாதிரிக் கிடக்கு, இதைப் பாப்பம்" என்று அவளாகத்தான் கேட்டாள் என்பதும் உண்மை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அது பூட்டு அக்கா என்று ஒரு பொய் சொல்ல அவனால் முடியாமலா போய்விட்டது. பொய்யில் அவனுக்கு என்ன பஞ்சம். இருபத்தெட்டு வருடமாக ஒரே பொய்யைத் தண்ணீர் ஊற்றி வளர்த்துக்கொண்டிருக்கிறவனுக்கு இன்னொரு சின்னப் பொய் வாயில் வரவில்லை, டிக்கற் கேட்டுக் கையை நீட்டிவிட்டான். உள்ளே குளிர் வேறு மாதிரி இருந்தது, வெளிக் காற்றின் குளிர் இல்லை, கிணற்றடிக் குளிர். சீமெந்துச் சுவரில் நீர் கசிந்து நிலமெல்லாம் ஈரம். "வழுக்கும், என்னைப் பிடியுங்கோ அக்கா" என்றான். அவள் அவனுடைய இடது முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு முழங்காலிலும் ஒப்பரேஷன் செய்தவள், அறுபது வயது, கோட்டுக்கு மேல் சால்வையைச் சுற்றி ஊசி குத்தியிருந்தாள். அந்தக் கை அங்கே கிடந்தது. எடுக்கச் சொல்லவா முடியும்.

அவள் சும்மா ஊர் பார்க்க வரவில்லை. லண்டனிலிருந்து முக்கால் மணி நேரம் பறந்து வந்தது ஒரு காரியமாகத்தான், அதைக் காரிலேயே சொல்லிவிட்டாள். "ஆரணி நான் சொன்னாக் கேக்கமாட்டாள், நீ சொன்னாக் கேப்பாள், சோதி. மாமா மாமா எண்டு உனக்குத்தான் மரியாதை. வாற கிழமை நீ வந்து அவளை இருத்தி வச்சுச் சொல்லு. உன்ர வாயால சொல்லு, நீ பாத்தனீ எண்டு." ஆரணி அவளுடைய ஒரே மகள், பரஞ்சோதி சொந்தமில்லை, ஒரே ஊர்க்காரன், வாய்ப் பழக்கத்தில் மாமா. அவள் கட்ட நிற்பது கபிலன் என்று ஒரு பொடியனை. நல்ல பொடியன், குணமான பொடியன், குடியில்லை, சிகரெட்டில்லை. ஒரேயொரு குற்றம், அவன் தவபாலனின் மகன். தவபாலன் ஊரில் அக்கா வீட்டுக்குப் பக்கத்து வளவுக்காரன், இப்போது கனடாவில் இருக்கிறான். தொண்ணூற்றாறாம் ஆண்டு ஒரு ஆவணியில் அவன் இரவோடிரவாக ஒரு முழம் தள்ளிக் கதியால் நட்டு வேலி அடைத்துவிட்டான் என்று அக்கா தெருவில் நின்று கத்தினாள், அவனும் நின்று கத்தினான், உங்களைச் செய்து காட்டுறன் பார் என்றான். வேலிச் சண்டையில் எல்லோரும் சொல்வதுதான். அடுத்த மாதம் ஆமி ஊரைச் சுற்றி வளைத்தது. பள்ளிக்கூட மைதானத்தில் ஆம்பிளைகளை வரிசையில் விட்டார்கள், ஆமிக்கு ஆள் காட்டிக்கொடுக்கிற ஒரு தலையாட்டி சாக்கால் முகம் மூடி ஜீப்பில் இருந்தான், அக்காவின் தம்பி ரஞ்சன் அவன் முன்னால் போனபோது அந்தச் சாக்கு மேலும் கீழும் ஆடியது. ஆமி ஏற்றிக்கொண்டுபோன ரஞ்சன் பிறகு வரவில்லை. வரிசையில் தவபாலனைக் காணவில்லை என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான், ஊருக்கு வேறென்ன வேண்டும். தவபாலன் நல்லூர்க் கந்தன் முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தான், அன்றைக்குத் தான் சாவகச்சேரியில் நின்றதாக. கற்பூரத்தை யார் நம்பினார்கள். இன்றைக்கு அந்தப் பிள்ளைகள் இரண்டும் ஒன்றையொன்று விரும்பி ஒரு வருடமாக அழுதுகொண்டிருக்கின்றன, என்ர தம்பியைத் திண்டவன்ர வீட்டுக்குப் பெண் குடுக்கிறதோ என்று இவள் ஒரு வருடமாகப் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் நோன்பு நோன்பாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

நீ பாத்தனீ எண்டு சொல்லு. அவன் பார்த்தான்தான். சாக்கில் இரண்டு ஓட்டை, அதற்குள்ளால் பார்த்தான். இப்படி நினைக்கும்போதெல்லாம் பரஞ்சோதிக்கு மேல் உதட்டில் இனிப்பு வந்துவிடும், இப்போதும் வந்தது, நாக்கால் துடைத்தான். அது சீனிச் சாக்கு. சங்கக்கடைச் சாக்கு. வேடிக்கை என்னவென்றால் அந்தச் சாக்கை உதறி நாலாய் மடித்து அடுக்கி வைத்தவனே ரஞ்சனாகத்தான் இருக்கவேண்டும், சங்கக்கடையில் சாமான் நிறுக்கிற வேலை அவனுக்கு. எவ்வளவு உதறினாலும் தையலுக்குள் சீனி கிடக்கும். வியர்க்க வியர்க்க அது கரைந்து முகத்தில் வழிந்து வாய்க்குள் வந்தது. முதல் நாள் இரவு பிடித்துக்கொண்டுபோய் விடிய விடிய முதுகில் பச்சை மட்டையால் அடித்திருந்தார்கள், ஒரு வாய் தண்ணீர் தரவில்லை, அந்த நேரத்தில் சீனி வாய்க்குள் வந்ததும் அவன் அதை நக்கினான். யாரும் இதை மன்னிக்கலாம், பசி. ஆனால் நக்கிக்கொண்டிருந்த நாக்குக்கு அந்த நேரத்திலும் இனித்ததே, அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. எறும்பும் இருந்தது, காதுக்குப் பின்னால் கடித்தது, கை கட்டியிருந்ததால் சொறிய முடியவில்லை. அந்தக் கிழமையிலிருந்து அவன் தேத்தண்ணீருக்குச் சீனி போடுவதில்லை. நீரிழிவு வருத்தமா என்று எல்லோரும் கேட்பார்கள், ஓம் என்பான், எங்கட ஆட்களுக்குச் சீனி வருத்தம் என்றால் மேற்கொண்டு கேள்வி கிடையாது.

ஒரு வளைவு திரும்பியதும் சுவருக்குள்ளிருந்து சத்தம் வந்தது. பிக்கானால் பாறையைக் கொத்துகிற சத்தம், பிறகு ஒருவன் இருமுகிறான், பிறகு மறுபடி கொத்து. ஒலிபெருக்கியை ஒளித்து வைத்திருக்கிறார்கள். அக்கா அவன் கையை இறுக்கினாள். "பதிவுதான் அக்கா. திருப்பித் திருப்பிப் போடுவாங்கள்." திருப்பித் திருப்பி என்றதும் மனம் மறுபடி அதே மைதானத்துக்குப் போய் வரிசையின் முதலாவது ஆளிலிருந்து தொடங்கியது. செக்குமாட்டுக்காவது இடையில் தவிடு வைப்பார்கள். இதைக் குடைந்தவர்கள் ரஷ்யர்களாம், ஸ்பெயின்காரர்களாம், பெயர்கள் ஒரு பலகையில் இருந்தன, எல்லாம் இல்லை, கிடைத்தவை. மற்றவர்களுக்குப் பெயர் இல்லை. இந்தத் தீவுக்குப் பெயர் என்றாலே ஒரு மாதிரித்தான். உலகத்திலுள்ள பணக்காரர்கள் தங்கள் பெயரை வெளியில் விடாமல் வைத்திருக்கத்தான் இங்கே வருகிறார்கள், தீவு சாப்பிடுவது அதில்தான், பரஞ்சோதி சாப்பிடுவதும் அதில்தான். கீழே பட்டணத்தில் ஒரு ட்ரஸ்ட் கொம்பனியின் மூன்றாம் மாடியில் அவனுக்கு ஒரு மேசை இருக்கிறது. ஒரு கொம்பனிக்குள் இன்னொரு கொம்பனி, அதற்குள் வேறொன்று, எல்லாவற்றையும் உரித்துக்கொண்டு போய் உள்ளே உட்கார்ந்திருக்கிற ஆள் யார் என்று கண்டுபிடிப்பது அவன் வேலை. சட்டம் அப்படிக் கேட்கிறது. படிவத்தில் ஒரே கேள்விதான், இதற்குப் பின்னால் உண்மையில் இருப்பவர் யார். மெத்தக் கெட்டிக்காரன் என்று பெயர். எந்த மூடலுக்குள்ளும் ஆளின் மணத்தைப் பிடித்துவிடுவானாம், மேலாளர் சொல்லிச் சிரிப்பார். அவனும் கூடச் சிரிப்பான். வேறென்ன செய்வது.

"இந்தக் கடிதத்தில என்ன எழுதிக் கிடக்கு?" என்று அக்கா நின்றாள். கண்ணாடிப் பெட்டிக்குள் கோடு போட்ட தாள், பள்ளிக்கூடப் பிள்ளையின் கையெழுத்துப்போல உருண்டை உருண்டையான இங்கிலீஷ் எழுத்து. பக்கத்தில் ஒரு படம், கழுத்துப்பட்டி கட்டிய நடுத்தர வயதுக்காரர், சிரிக்கத் தொடங்கி நிறுத்தியவர் போல. பரஞ்சோதி முதல் வரியை வாசித்தான். இது இங்கே இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் கொம்பனி ஆட்களோடு வந்தபோது இதைப் பார்த்தவன்தானே, பார்த்துவிட்டு வெளியே போய்ச் சத்தி எடுத்தவன்தானே, பிறகு ஏன் காரை இந்தப் பக்கம் திருப்பினான். "அது, சாமான் விலையைப் பற்றி, அக்கா. சண்டைக் காலத்தில தட்டுப்பாடுதானே." அவள் குனிந்து கண்ணாடியில் மூக்கு முட்டப் பார்த்தாள். ஆரணியின் பாலர் வகுப்புப் புத்தகத்தில் தானும் கூட இருந்து எழுத்துக் கூட்டியவள். "ரேடியோ எண்டெல்லோ கிடக்கு" என்றாள். இந்தத் தீவைப் பிடித்து வைத்திருந்த ஐந்து வருடமும் ஜேர்மன்காரன் செய்த சட்டங்களில் அதுவும் ஒன்று, வீட்டில் ரேடியோ வைத்திருக்கக் கூடாது. பொய் பிடிபட்டுப்போயிற்று, இனி வாசிக்கத்தான் வேண்டும். "ஐயா, இன்ன தெருவில பச்சைக் கதவு போட்ட வீட்டில, படிக்குக் கீழ ரேடியோ ஒளிச்சு வச்சிருக்கினம். நீங்கள் வந்து பாக்கவேணும். இப்படிக்கு, நியாயத்தை விரும்பும் ஒருவர்." தமிழில் சொல்லும்போது அது அவனே எழுதியதுபோல் இருந்தது. படத்திலிருந்தவர்தான் அந்த வீட்டுக்காரர், ஜேர்மனிக்குக் கொண்டுபோனார்கள், திரும்பி வரவில்லை. கடைசி வசனத்தைச் சொல்லாமல் விடப் பார்த்தான். அவள் படத்தைப் பார்த்துக்கொண்டே, "வந்தவரோ?" என்று கேட்டாள். "இல்லை அக்கா."

சுவருக்குள் இருமினவன் இருமி முடித்து மறுபடி கொத்தத் தொடங்கினான். "உவனை ஆராவது அடிச்சோ எழுதவைச்சவங்கள்?" என்றாள் பிறகு. இல்லை, சும்மா எரிச்சலில் எழுதியது, அப்படித்தான் போட்டிருக்கிறது என்றான். "அப்ப உவன் வேற. எங்கட தலையாட்டியை அடிச்சிருப்பாங்கள். அடிச்சாத்தானே அந்தச் சாக்கைப் போடுவான் ஒருத்தன். உன்ர முதுகை நான்தானே பாத்தனான், எண்ணெய் பூசினனான். உன்னையே அந்தப் பாடு படுத்தினவங்கள் எண்டா." பரஞ்சோதிக்கு முதுகில் அந்த எண்ணெய்ச் சூடு வந்தது. மைதானத்தைப் பார்த்த ஒரு வகுப்பறையில் போட்டு அடித்துவிட்டு விட்டுவிட்டார்கள் என்று அன்று ஊருக்குச் சொன்னான். அடி உண்மை, அறை பொய். "அடிச்சதுக்கு ஒருத்தன் தலையாட்டினான் எண்டா அதை நான் எப்பவோ விட்டிருப்பன், சோதி. எனக்கு அது இல்லை. எத்தினை பொடியள் நிண்டாங்கள் அந்த வரிசையில. வாட்டசாட்டமா நிண்டாங்கள். எல்லாரையும் விட்டிட்டு ஒரு கால் ஏலாததை, சோடாப் புட்டிக் கண்ணாடியைப் பாத்து ஏன் ஆட்டினவன்? அதிலதான் தெரியுது பாத்தியோ வன்மம். அந்த ஒரு முழ வேலி. நான் அண்டைக்குத் தெருவில நிண்டு கத்தாட்டி என்ர தம்பி இருந்திருப்பான்." இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவன் தோளைத் தட்டி, காபிக் கடைக்குக் கூட்டிப்போயிருப்பான். அவள் விலை சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள், இருபத்தெட்டு வருடமாக ஒவ்வொரு நாளும் தனக்குச் சொல்லிப் பழகியதை. தவபாலனை அவள் வெறுக்கிறாள் என்று மட்டுமே இவ்வளவு காலமும் நினைத்திருந்தான். அவள் தன்னையும் சேர்த்துத்தான் கட்டி வைத்திருக்கிறாள் என்பது இந்த மடையனுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

ஏன் அந்தக் கால் ஏலாததை. உலகத்தில் அதற்கு விடை தெரிந்தவன் ஒருவன்தான், அவன் முழங்கையைத்தான் அவள் பிடித்துக்கொண்டிருக்கிறாள். நாற்பது பேர் போகும்வரை அவன் தலையை இல்லை இல்லை என்று பக்கவாட்டில் ஆட்டினான். பின்னால் நின்றவன் துவக்குப் பிடியை முதுகில் புண்ணில் வைத்து அழுத்திக் கொச்சைத் தமிழில் சொன்னான், ஒருத்தனாவது காட்டாவிட்டால் நீ வீட்டை போறதில்லை. பரஞ்சோதி உயர்தரத்தில் கணிதம் படித்துக்கொண்டிருந்தவன், பத்தொன்பது வயது. அவன் கணக்குப் போட்டான். யாரைக் காட்டினால் ஆபத்தில்லை. மதியழகனைக் காட்டினால் மாட்டிக்கொள்வான், அவன் தமையன் இயக்கத்தில். ஆசிரியரின் மகனைக் காட்டினால் அவனிடம் என்னென்ன புத்தகம் இருக்கிறதோ. அப்போது ரஞ்சன் வந்தான். இடது காலை இழுத்துக்கொண்டு, சேட்டுப் பொத்தானை ஒன்று தள்ளிப் பூட்டிக்கொண்டு, அடையாள அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. இவனை, என்று தோன்றியது. இவனைப் பார்த்தாலே தெரியும், துவக்குத் தூக்க மாட்டான், ஓட மாட்டான், ஒரு பிழையும் செய்திருக்க மாட்டான், ஒரு மணித்தியாலம் விசாரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். ஊரிலேயே குற்றமே இல்லாதவன் எவனோ அவனைக் காட்டினால் எல்லோரும் தப்பலாம். விடை வந்துவிட்டது. தலையை ஆட்டினான். ஆட்டியபோது, இதுதான் அவன் எவருக்கும், மனைவிக்கும் சொல்லாதது, தன் கெட்டித்தனத்தை நினைத்து அவனுக்கு ஒரு கணம் பெருமையாக இருந்தது. ரஞ்சனை ஊருக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வந்த ஆமிக்காரனுக்கு எப்படித் தெரியும். அவனுக்குக் கால் ஏலாதவன் என்றால் எங்கோ சண்டையில் காயப்பட்ட இயக்கக்காரன். அந்த ஒன்றைக் கணக்கில் சேர்க்க மறந்துபோனான்.

மறுநாள் விடியவே போய் அக்கா வீட்டுப் படலையில் நின்றான், ரஞ்சன் வருகிறானா என்று பார்க்க. அவள் அவனை உள்ளே கூப்பிட்டு இருத்தி, அவன் வந்திடுவான், நீ இதைக் குடி என்று தேத்தண்ணீர் கொடுத்தாள். மூக்குப் பேணி நிறையச் சீனி. அவன் குடித்தான். பிறகு லண்டனில் வந்து இறங்கிய அன்று இதே அக்காதான் இடித்த சம்பலும் பிட்டும் போட்டாள், போட்டுக்கொண்டே கேட்டாள், அண்டைக்கு நீயும் அங்கதானே நிண்டனீ, சாக்குக்குள்ள இருந்தது தவபாலன்தானே. வாய் நிறையப் பிட்டு. விழுங்கிவிட்டு இல்லை என்று சொல்வதற்குள் தலை ஆடிவிட்டது. முதல் தடவைக்குத் துவக்குப் பிடி இருந்தது, இரண்டாம் தடவைக்கு என்ன இருந்தது, பிட்டுத்தானே. இப்போது மூன்றாம் தடவைக்கு அவனை லண்டனுக்குக் கூப்பிடுகிறாள். போய் ஆரணியின் முன்னால் இருந்து தலையாட்டவேண்டும். அவள் மாமா சொன்னால் கேட்பாள். கபிலன் தன் தகப்பனை ஒரு மாதிரிப் பார்க்கத் தொடங்குவான். ஒரு தலையாட்டலில் இன்னும் எத்தனை பேர். இனி ஏலாது, என்று அவன் நினைக்கவில்லை, நினைத்தால் வழக்கம்போல் நாளைக்குத் தள்ளியிருப்பான். நினைப்பதற்கு முதல் வாய் திறந்துவிட்டது.

"விட்டிடுவாங்கள் எண்டுதான், அக்கா."

"என்ன?"

"கால் ஏலாதவனை ஒரு மணித்தியாலத்தில விட்டிடுவாங்கள் எண்டு. குற்றம் இல்லாதவன் வந்திடுவான் எண்டு. அதாலதான் அவன். வேலி ஒண்டும் இல்லை, வன்மமும் இல்லை."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடிப் பெட்டியின் வெளிச்சம் அவளுடைய ஒரு கன்னத்தில் கிடந்தது. "உனக்கு இது எப்பிடித் தெரியும்? தவபாலன் சொன்னவனோ உனக்கு?"

எவ்வளவு லேசான வழியைத் திறந்துவிட்டாள். ஓம் என்று ஒரு ஆட்டு, தவபாலன் அழுது சொன்னான் என்று ஒரு வசனம், அவள் மனமும் கொஞ்சம் ஆறும், கலியாணமும் நடக்கும், பரஞ்சோதி தம்பியும் தம்பியாகவே இருப்பான். கழுத்து தானாக அதற்கு ஆயத்தமானது, பழகிய கழுத்து. அவன் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினான்.

"தவபாலன் அண்டைக்கு அங்க நிக்கேல்லை. அவன் சத்தியம் செய்தது சரி. சாக்குக்குள்ள இருந்தது நான்."

பிக்கான் சத்தம் நின்று இருமல் வந்தது. இருமல் முடிந்தது. அவள் கையை எப்போது எடுத்தாள் என்று அவனுக்குத் தெரியவில்லை, முழங்கையில் அந்த இடம் குளிர்ந்தபோதுதான் பார்த்தான். அடிப்பாள் என்று நினைத்தான், அடித்தால் நல்லது. அவள் சால்வை ஊசியைக் கழற்றினாள், மறுபடி அதே இடத்தில் குத்தினாள். முதல் தரம் ஊசி ஏறவில்லை, இரண்டாம் தரம் ஏறியது.

"அடுத்த நாள் விடிய வந்தனீ" என்றாள்.

"ஓம்."

"என்ர கையால தேத்தண்ணி வாங்கிக் குடிச்சனீ."

"ஓம் அக்கா."

அவள் கைப்பைக்குள் துழாவி போனை எடுத்தாள், ஆரணியின் பெயரை அமத்திக் காதில் வைத்தாள், எடுத்துப் பார்த்தாள், மறுபடி வைத்தாள்.

"இதுக்குள்ள வேலை செய்யாதோ?"

"மலைக்குள்ள அக்கா. வெளியில போனாத்தான்."

அவள் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினாள். ஈரம் மினுங்குகிற நிலத்தில் ஒரு அடி வைத்தாள், முழங்கால் நோவில் நின்றாள், இன்னொன்று வைத்தாள். பரஞ்சோதி பழக்கத்தில் இடது முழங்கையை நீட்டிக்கொண்டு பக்கத்தில் போனான். வழுக்கும் அக்கா, என்றான். அவள் மற்றக் கையை நீட்டி, தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்த அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.